சூசை மாமாவின் இடது கால்

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் காரணமில்லை, சோம்பலோடுதான் இத்தனை வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதினால் எங்கள் தெருவில் குறைந்தது மூன்று பேர் என்னைத் தேடி வருவார்கள். அதில் ஒருவர் கையில் ஜெபமாலையோடு வருவார். அவர்தான் ஆபத்தானவர்.

அய்யலூர்ச் சந்தையில் ஆட்டை ஏற்றப் போய், ஆடு என்னை ஏற்றிவிட்ட கதை ஒன்று கைவசம் இருந்தது. அதை எழுதித் தப்பித்துவிடலாம் என்று பாதி எழுதியும் விட்டேன்.

நேற்று சாயங்காலம் ரீத்தா டீச்சர் வீட்டைத் தாண்டி லோடு ஆட்டோவை ஓட்டிப் போகிறேன். டீச்சர் வாசலில் நின்று சத்தம் கொடுத்தார்.

"ஏலே லாரன்சு! ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லதான் கூட்டம். பெரிய வியாழனுக்குச் சீட்டுக் குலுக்கணும். மறக்காம வந்துரு."

சீட்டு என்றதும் காலும் கையும் தடுமாறி வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. ஆட்டுக் கதையை நேற்றே கிழித்துப் போட்டேன்.

பதினோரு சீட்டு

போன வருடம் இதே போலத் தவக்காலத்தின் கடைசி. ரீத்தா டீச்சர் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. நடுவில் ஒரு தட்டு நிறையச் சுண்டல். வாய் ஜெபம் சொல்கிறது, கண் தட்டில் இருக்கிறது.

நாற்பது நாள் கறி இல்லாமல் இருப்பது எந்த ஊரிலும் தவம்தான். திண்டுக்கல்லில் அது தனித் தவம். எந்தத் தெருவில் திரும்பினாலும் பிரியாணி தம் உடைக்கிற வாசனை வந்து தோளில் கை போடும். அந்த வாசனையைத் தாண்டி நடப்பதைப் பாதிச் சிலுவைப்பாதையாக ஆண்டவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

எங்கள் கோவிலுக்குக் கீழே பன்னிரண்டு அன்பியங்கள். நாலைந்து தெருக் குடும்பங்களைச் சேர்த்து வைத்த ஜெபக் குழுவுக்குத்தான் அந்தப் பேர். எங்கள் அன்பியத்துக்கு ரீத்தா டீச்சர் தலைவி. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு எடுத்தவர். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம். பள்ளிக்கூடத்துக்கு அந்த வருத்தம் இருந்ததாகத் தகவல் இல்லை.

பெரிய வியாழன் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: ஆண்டவர் சாவதற்கு முந்தின நாள். சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவர், நடுவில் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் காலையும் கழுவிவிட்டார். அதை நினைத்து, ஒவ்வொரு வருடமும் அந்தச் சாயங்காலப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். அன்பியத்துக்கு ஒரு ஆள். யார் என்று குலுக்கல் போட்டு எடுப்பது எங்கள் வழக்கம்.

எங்கள் அன்பியத்தில் பதினோரு வீடு. பேர்களை எழுதி மடிக்கிற வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்தார்.

"உன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் பரவால்ல. சும்மா உக்காந்து சுண்டலத் திங்கிறதுக்கு இதையாச்சும் செய்யி."

முதல் சீட்டில் சூசை மாமா பேரை எழுதினேன். ரெண்டே எழுத்து. அடுத்த வீட்டுக்காரர் பேர் ஆரோக்கிய செல்வ பெர்னாண்டஸ். அந்தப் பேரை எழுதி முடிக்க வழியில் ஒரு டீ குடிக்க வேண்டும். பேனா தயங்கியது. அந்தத் தயக்கத்தில்தான் சாத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது சீட்டிலும் சூசை என்று எழுதினேன். மூன்றாவதிலும். பதினோரு சீட்டிலும்.

சாக்ஸ் மாமா

சூசை மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. எதிர்வீட்டுக்காரர், என் கூட்டாளி பெலிக்ஸோட அப்பா. நாகல் நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. நீலச் சட்டை, தொப்பி, பளபளவென்று கறுப்பு ஷூ.

ஷூவை வேலை முடிந்தாலும் கழட்ட மாட்டார். சித்திரை வெயிலில் கைலி கட்டிக்கொண்டு கறுப்பு ஷூவோடு தண்ணீர் பிடிக்க வருவார். கோவிலில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவோம். அவர் ஷூவை மட்டும் கழட்டிவிட்டு சாக்ஸோடு கடைசித் தூண் ஓரமாக நிற்பார். கல்யாண வீட்டிலும் சாக்ஸ். கறிச்சோற்றுப் பந்தியிலும் சாக்ஸ்.

'சாக்ஸ் மாமா' என்று பேர் வைத்தது நான்தான். அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். அந்தப் பேருக்கு முதலில் சிரித்தது பெலிக்ஸ். சொந்த அப்பாவாச்சே என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மண்ணில் விழுந்து சிரித்தான். ஒரே வாரத்தில் பேர் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மாமா காதிலும் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத ஆட்களைக் கிண்டல் பண்ணுவது ரொம்பச் சுலபம்.

எங்களுக்குத் தெரியாததும், தெருவில் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்ததும் ஒன்று இருந்தது. செக்யூரிட்டி வேலைக்கு முன்னால் மாமா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்மில் ஒருநாள் அவருடைய இடது கால் மாட்டிக்கொண்டது. பெலிக்ஸுக்கு அப்போது மூன்று வயசு. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தக் காலில் சாக்ஸ். வீட்டுக்குள்ளும், தூங்கும்போதும். பெலிக்ஸ் கேட்டதற்கு, "காத்து பட்டாச் சேராதுப்பா" என்று சொல்லியிருக்கிறார். அவனும் சேராது போலிருக்கிறது என்று வளர்ந்துவிட்டான்.

ஷூ போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று சொல்கிற வேலையாகத் தேடித்தான் அந்த ஜவுளிக்கடையில் சேர்ந்தார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. சீட்டு எழுதிய அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாமா பேர் வந்தால் சாக்ஸைக் கழட்டியாக வேண்டும். தெரு முழுக்கச் சிரிக்கும்.

வந்தது வந்துருச்சு

டீச்சர் சீட்டுகளைப் போட்ட டம்ளரைக் குலுக்கி ஒன்றை எடுத்தார். பிரித்தார். வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சூசை அண்ணே," என்றார், ரொம்ப மெதுவாக.

நான் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெரியவர்கள் எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். சுண்டலை மென்றுகொண்டிருந்தவர்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் அந்த ஹாலில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, உங்களுக்குச் சிரமம்னா வேற சீட்டு எடுத்துக்கிருவோம். ஒண்ணும் பிரச்சினையில்ல," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் மறுபடியும் டம்ளருக்குள் விரலை விட்டார்.

எதை எடுத்தாலும் சூசைதான். பத்துத் தடவை எடுத்தாலும் சூசைதான். எங்கம்மா வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"வேணாம் டீச்சர்," என்றார் மாமா. கோவிலில் கடைசித் தூணோரம் நிற்பது போலச் சுவரோரமாகத்தான் அங்கேயும் உட்கார்ந்திருந்தார். "வந்தது வந்துருச்சு. இம்புட்டு நாளா என் பேரு வந்ததேயில்ல. இன்னைக்கு வந்துருக்குன்னா, ஆண்டவரு கூப்பிட்டாத்தான வரும்?"

அவர் மனைவி மரியபுஷ்பம் அத்தை சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. நான் மீதிச் சீட்டுகளை அள்ளிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, அன்றைக்குச் சுண்டல் தின்னாமல் வீட்டுக்குப் போனேன். எங்கம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

எங்கப்பாவின் வலது கால்

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

பல வருடத்துக்கு முன்னால் எங்கப்பா பேர் குலுக்கலில் வந்தது. பெரிய வியாழன் மத்தியானத்திலிருந்து அவர் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை. கால் தேய்க்கிற படிக்கல், சோப்பு, எலுமிச்சம்பழம், அம்மாவுடைய ஷாம்பு. ஃபாதர் கழுவப் போகிற காலை யாராவது இப்படிக் கழுவுவார்களா என்று கேட்டால், எங்கள் ஊரில் எல்லோரும் கழுவுவார்கள். அழுக்குக் காலை ஃபாதர் முன்னால் நீட்டுவது மரியாதை இல்லையாம். பன்னிரண்டு பேரும் அப்படித்தான் வருவார்கள். அந்தக் காலத்தில் இருந்த ஃபாதர் ஒருவர், "நான் கழுவுறதுக்கு ஒரு சொட்டு அழுக்காவது மிச்சம் வைங்கப்பா," என்று பிரசங்கத்திலேயே சொல்லிப் பார்த்தார். யாரும் வைக்கவில்லை.

ஃபாதர் கழுவுவது வலது காலை மட்டும்தான். ஒத்திகையிலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் எங்கப்பா வலது காலை மட்டும் தேய்த்தார். அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தபோது வலது கால் தும்பைப்பூ, இடது கால் தார் ரோடு. அம்மா ஒரு மாதம் சொல்லிக் காட்டியது.

ஆண்டவர் கால் கழுவ வந்தபோது சீடர்களில் பேதுரு மட்டும் முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றதாக வேதத்தில் வரும். சின்ன வயசில் எனக்கு அது புரிந்ததே இல்லை. ஓசியில் கழுவிவிடுகிறார்கள், நீட்டினால் என்ன? பேதுருவுக்குப் பித்தவெடிப்பு இருந்திருக்கும் என்று பெலிக்ஸும் நானும் முடிவுக்கு வந்தோம். இப்போது யோசித்தால், அந்த முடிவு அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. மீன் பிடிக்கிற ஆளின் கால் எப்படி இருந்திருக்கும்? நேசிக்கிற ஆள் கிட்டத்தில் குனிந்து அதைப் பார்ப்பதை யாரால் தாங்க முடியும்?

முருங்கைக்காய்

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு போய், செவ்வாய்க்கிழமை. செம்பட்டிப் பக்கமிருந்து முருங்கைக்காய் லோடு இறக்கிவிட்டு வந்தேன். அதற்குள் எங்கம்மாவிடம் கேட்டு டிரம் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. ரெண்டு நாள் தூக்கமில்லை. மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, ஒரு கட்டு முருங்கைக்காயோடு எதிர்வீட்டுக்குப் போனேன்.

அத்தை வாசலிலேயே மறித்தது.

"உள்ள வராத. செத்த நேரம் அங்கனயே நில்லு."

"மாமா இல்லையா?"

"இருக்காரு." அத்தை குரலைத் தாழ்த்தியது. "கொல்லைல, வெளிச்சத்துல உக்காந்துருக்காருப்பா. கால வெளியில போட்டுக்கிட்டு. இம்புட்டு வருசத்துல அந்தக் கால்ல வெயிலு பட்டு நான் பாத்ததில்ல."

பின்னாலிருந்து படிக்கல்லில் தேய்க்கிற சத்தம் வந்தது. சர், சர் என்று, நிதானமாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

"சீட்டு வந்த நாள்லருந்து விடியக்காலைல முழங்கால் போட்டு ஜெபம் பண்றாரு. ஆண்டவரு எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாருடின்றாரு. பெலிக்ஸ்ட்டச் சொல்லவான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு. நீ எதுக்குப்பா வந்த?"

வாயைத் திறந்தேன். படிக்கல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"முருங்கைக்கா குடுக்க வந்தேன் அத்தை."

"நல்லதாப் போச்சு. பெரிய வெள்ளிக்குக் கஞ்சிக்கு வெஞ்சனமாச்சு," என்று வாங்கிக்கொண்டது.

மணி நின்ற பிறகு

பெரிய வியாழன் பூசையில் உன்னத கீதம் பாடும்போது கோவிலில் இருக்கிற எல்லா மணியையும் அடிப்பார்கள். பாட்டு முடிந்ததும் மணி நின்றுவிடும். அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி ஆண்டவர் உயிர்க்கிறவரை மணியே கிடையாது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஜாடை காட்டுவார்கள். பூசை உதவிக்கு நின்ற வயசில் ஒருமுறை நான் மறந்துபோய் நடுவில் மணியை ஆட்டிவிட்டேன். மறந்துபோய் என்று நான் சொல்கிறேன். என் காதைத் திருகிய, கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்பிள்ளை அன்றைக்கும் நம்பவில்லை.

மணி நின்ற பிறகு வருகிற அமைதி, வேறு எந்த நாளும் வராது. ஃபேன் சத்தம்கூட எழுந்து நிற்கும். அந்த அமைதியில்தான் பன்னிரண்டு பேரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புத் துண்டு. பதினோரு ஜோடி வெறுங்கால். கடைசி நாற்காலியில் கறுப்பு சாக்ஸ்.

நான் பக்கவாட்டுக் கதவோரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெலிக்ஸுக்கு அனுப்ப வேண்டுமே. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை.

ஃபாதர் அங்கியைக் கழட்டிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். இளம் வயசு, ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முட்டி போட்டார், தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தம் வைத்தார், அடுத்த நாற்காலி. ஒன்பது, பத்து, பதினொன்று.

மாமா குனிந்தார். வலது சாக்ஸ் மேல் விரலை வைத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வலதுதானே, அது நல்ல கால்தானே, இதைப் பற்றியா இத்தனை நாள் பயந்தேன்! அதைத்தான் தெருவில் யாருமே யோசிக்கவில்லை. மாமா யோசித்திருப்பார்.

விரலை எடுத்துவிட்டார். இடது சாக்ஸைக் கழட்டினார்.

பாடகர் குழுவில் நின்ற ரீத்தா டீச்சர் தன் வலது காலைத் தட்டித் தட்டி ஜாடை காட்டினார். மாமா பார்க்கவில்லை. இடது காலைத் தாம்பாளத்துக்கு மேலே நீட்டினார். ரெண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

ஃபாதர் கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றது. மாமா முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலை ரெண்டு உள்ளங்கையிலும் வாங்கிக்கொண்டார், பிறந்த பிள்ளையை வாங்குவது போல. மற்றவர்களுக்கு ஊற்றியதைவிட அதிக நேரம் ஊற்றினார். துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். விரல் இருந்த இடத்தையும், இல்லாத இடத்தையும்.

எத்தனை விரல் என்று நான் பார்க்கவில்லை. அடுத்தவன் குறையைத் தேடித் தேடிப் பார்த்துப் பேர் வைக்கிற கண்தான் இது. அன்றைக்கு அது தானாகத் தரையைப் பார்த்துக்கொண்டது. போனை எப்போது இறக்கினேன் என்றும் ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், வீடியோவில் பதினோரு காலும் அதற்குப் பிறகு கோவில் தரையும்தான் இருந்தது.

கையெழுத்து

பூசை முடிந்ததும் பெண்கள் ராத்திரி ஆராதனைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். மாமாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். ரெண்டு காலும் ஷூவில் இருந்தது. ஒரு சாக்ஸ் மட்டும் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் எனக்குச் சொல்ல வராது.

"மாமா, அந்தச் சீட்டு எழுதுனது நான்தான்."

"தெரியும். டீச்சரு உன்னைத்தான எழுதச் சொன்னாங்க."

"அதில்ல மாமா. பதினொண்ணுலயும் உங்க பேரத்தான் எழுதுனேன்."

மாமா கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தார்.

"ஏலே," என்றார். "அப்ப நான் விடியக்காலைல முழங்கால் போட்டதெல்லாம் உன் கையெழுத்துக்கா?"

நான் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எதுக்குலே எம்பேர எழுதுன?"

"சிரிக்கத்தான் மாமா. அப்புறம்... உங்க பேரு ரெண்டே எழுத்து."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வண்டியை எடுத்து எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினேன். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வருசம் சீட்டு நான் எழுதுவேன். லாரன்சு நாலெழுத்தா இருந்தாலும் எனக்குக் கை வலிக்காது. படிக்கல்லு வாங்கி வச்சுக்க."

கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை என் கதி என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். என் காலைப் பற்றி வெளியில் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இருந்தாலும், நாற்காலியில் உட்கார்ந்து அதை நீட்டுவதை நினைத்தால் இப்போதே கூசுகிறது.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எதிர்வீட்டுக்குப் போய், இதையெல்லாம் எழுதட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"சீட்டு விசயத்த உங்கத்தைட்ட அப்பவே சொல்லிட்டேன்," என்றார். "அவ என்னையத் திட்டுறா. லாரன்சு கையப் புடிச்சு ஆண்டவரு எழுதுனாருன்னா உமக்கென்னன்றா. அவகிட்ட யாரு பேசுறது? பெலிக்ஸ்ட்டதான் ஒண்ணும் சொல்லல. போன எடுத்தா, சாப்டியாப்பான்னு கேட்டுட்டு வச்சுர்றேன். நீ அவன்ட்டக் கேட்டுக்க. அவன் சரின்னா எனக்குச் சரி."

வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பி நின்று, "முழுசாச் சொல்லிக் கேளு," என்றார்.

வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் பெலிக்ஸுக்கு எழுதினேன். பதினோரு சீட்டு, முருங்கைக்காய், படிக்கல் சத்தம், இடது கால், நான் போனை இறக்கியது. என் எழுத்துப் பிழையோடு சேர்த்து ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில், 'எழுதட்டுமா வேண்டாமா, நீ சொல்றதுதான் மாப்ள' என்று போட்டு அனுப்பினேன்.

டிக் நீலமானது. அவன் டைப் பண்ணுவதாகக் காட்டியது, நின்றது. மறுபடியும் காட்டியது, நின்றது. எப்போதும் நாலு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிற பயல், நான் சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவரை ஒன்றும் அனுப்பவில்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது:

"எழுது. எத்தன வெரலு இருந்துச்சு மாப்ள, நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல."